பிறக்கும்போதே ஒட்டிய பெயர்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1980களின் பிற்பகுதியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ‘கிராக் பேபி’ என்றொரு சொல் அடிபட்டது. கிராக் என்பது புகைக்கும் கொக்கைன். கருவுற்ற தாய் அதைப் பயன்படுத்தியிருந்தால் பிறக்கும் குழந்தைக்கு அந்தப் பெயர். ஆண்டுக்கு 3,75,000 குழந்தைகள் இப்படிப் பிறப்பதாக எழுதினார்கள். இவர்கள் பள்ளிக்கு வரும்போது வகுப்பறைகள் தாங்காது என்ற பயமும் பரவியது.

அந்த எண் எங்கிருந்து வந்தது? மருத்துவர் ஐரா சாஸ்னாஃப் 1988இல் 36 மருத்துவமனைகளில் விசாரித்து, நூற்றுக்குச் சுமார் 11 குழந்தைகள் கருவிலேயே ஏதோவொரு போதைப்பொருளுக்கு ஆட்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டார். கஞ்சாவும் அதில் சேர்த்தி. நாளிதழ்கள் அத்தனையையும் கிராக் கணக்கில் எழுதின!

ஆட்படுவது வேறு, பாதிக்கப்படுவது வேறு. நடுக்கம், ஓயாத அழுகை, பால் குடிக்கத் திணறல் என, ஓபியம் வகை மருந்து நின்றதால் வரும் அறிகுறிகளுடன் கண்டறியப்பட்ட குழந்தைகள் 2017இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்குச் சுமார் 7 பேர். மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலோ 50க்கும் மேல். எதை எண்ணுகிறோம், எங்கே எண்ணுகிறோம் என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

பெயர் ஒட்டப்பட்ட குழந்தைகள் என்ன ஆனார்கள்? பிலடெல்பியாவில் மருத்துவர் ஹாலம் ஹர்ட் 1989 முதல் 1992 வரை பிறந்த 224 குழந்தைகளை இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். பாதிப் பேரின் தாய்மார் கொக்கைன் பயன்படுத்தியவர்கள், மறுபாதியினர் பயன்படுத்தாதவர்கள். பெரும்பாலும் எல்லோருமே ஏழைகள். நான்கு வயதில் நுண்ணறிவு ஈவு முதல் பிரிவுக்குச் சராசரியாக 79, மற்றதற்கு 81.9. இரண்டுமே நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. கொக்கைனைத் தேடிப் போனவர் கையில் வறுமை அகப்பட்டது.

கொக்கைன் தீங்கற்றது என்று நான் சொல்லவில்லை. அது குறைப்பிரசவத்துக்குக் காரணமாகிறது. கடையில் வாங்கும் மதுவோ கருவின் மூளையையே நிரந்தரமாகச் சிதைக்கக்கூடியது. ஆனால் ‘அப்பன் குடிகாரன், பையன் இப்படித்தான் இருப்பான்’ என்ற பேச்சை நம் ஆசிரியர் அறைகளிலும் கேட்டிருக்கிறோம் அல்லவா?

ஏழு வயதில் அந்தப் பிள்ளைகளிடம் ஹர்ட் குழுவினர் வேறு கேள்விகளும் கேட்டார்கள். நான்கில் மூவர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் ஆள் சுடப்படுவதை நேரில் கண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட தெருவிலும், வீட்டில் அன்பும் ஊக்கமும் கிடைத்த பிள்ளைகள் நன்றாகத் தேறினார்கள். அவர்களில் இரு பிரிவினரும் இருந்தார்கள்.