மீனின் வாயைப் பார்த்துத் தூண்டில்

பழவேற்காட்டு ஏரியில் தூண்டில் போட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது கடையில்தான். என்ன ராடு, என்ன ரீல், என்ன விலை என்றே பேச்சு தொடங்குகிறது. நான் மறுமுனையிலிருந்து தொடங்கச் சொல்வேன். உங்களுக்கு எந்த மீன் வேண்டும், அதன் வாய் எப்படிப்பட்டது, இந்த மாதத்தில் அது ஏரியில் எதைத் தின்றுகொண்டிருக்கிறது? இவை தெரிந்தால் இரை தெரிந்துவிடும். இரை தெரிந்தால் முள் தெரியும். ராடும் ரீலும் கடைசியில் வரட்டும்.

வங்கக் கடலுக்கும் இந்த ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளமாகக் கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும், ஆந்திரப் பக்கத்தில் காளங்கியும் சுவர்ணமுகியும் நல்ல தண்ணீரைக் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வந்து போகிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரியது இதுதான் என்றாலும், ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கிவிடும். கோடையில், முகத்துவாரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் பகுதிகளில் கடலையே மிஞ்சும் அளவுக்கு உப்பு ஏறும். முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டுப்போகும் காலமும் உண்டு. இந்த உப்புக்குத் தக்கபடி மீன் இடம் மாறுகிறது. அதனால் கிளம்புவதற்கு முன் குப்பத்தில் யாரையாவது கேளுங்கள்: முகத்துவாரம் திறந்திருக்கிறதா, ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது?

மடவையிலிருந்து தொடங்குகிறேன். கூட்டம் கூட்டமாகத் துள்ளும். பார்த்ததும் பெரிய முள்ளை எடுத்து இறாலைக் கோப்பவர்கள் பலர். மடவையின் வாய் சின்னது, உதடு மெத்தென்றது. அது சேற்றின் மேல் படிந்த பாசியையும் மக்கிய துகள்களையும் வழித்துத் தின்னும் மீன். அதற்கு ஏற்ற இரை, கையில் ஒட்டாத பதத்தில் பிசைந்த கோதுமை மாவு. பட்டாணி அளவு உருட்டினால் போதும். முள் பத்தாம் எண், பன்னிரண்டாம் எண். புதியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இந்த எண் ஏற ஏற முள் சிறுக்கும். ஒன்றைத் தாண்டி 1/0, 2/0 என்று வருபவைதான் பெருத்துக்கொண்டே போகும். மடவைக்கு மெல்லிய நரம்பும் ஒரு சின்னத் தக்கையும் வேண்டும்; தக்கை அசைந்ததும் வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்துவிடும், மெல்லத் தூக்க வேண்டும்.

கிழங்கான் மணல் தரையைத் தேடும் மீன். மூக்கு நீண்டு, சிறிய வாயைக் கீழே நீட்டி மணலில் இருக்கும் புழுவையும் சின்ன இறாலையும் உறிஞ்சும். மிரண்டால் மணலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். அதற்கு இரை தரையில் கிடக்க வேண்டும். நரம்பு தடையில்லாமல் ஓடும்படி துளையிட்ட சிறிய ஈயக்குண்டு, அதற்குக் கீழே ஒரு முழ நரம்பு, எட்டாம் எண் முள், நகம் அளவு உரித்த இறால் துண்டு. இவ்வளவுதான்.

இனி கொடுவா. இந்த ஏரிக்கு வருகிற தூண்டில்காரர் பலருடைய மனத்தில் இருப்பது இதுதான்; எனக்கும் இதன்மேல்தான் ஆசை. கொடுவா துரத்தி வேட்டையாடுவதைவிட மறைந்து நின்று பிடிப்பதே அதிகம். வற்றம் தொடங்கி ஓடைகளிலிருந்து தண்ணீர் ஏரிக்கு இறங்கும்போது, இறாலும் மீன்குஞ்சும் அந்த நீரோடு வரும். ஓடை வாயில், ஆளி படிந்த கல்லையோ பழைய கட்டையையோ ஒட்டிக் கொடுவா காத்திருக்கும். பெரிய வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு இரையை உள்ளிழுக்கும். விடியலும் அந்தியும் நல்ல நேரம்.

இதற்கு உயிர் இறாலுக்கு நிகரான இரையை நான் பார்த்ததில்லை. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்தில் இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் தேடுவார்கள். வலையில் நசுங்காத இறால் அது. அவர்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள். முள்ளைத் தலையில் கொம்புக்கு அடியில் கோத்தால், உள்ளே தெரியும் கறுப்புப் புள்ளியைத் தொடக் கூடாது. தொட்டால் இறால் அப்போதே செத்துவிடும். ஓடும் நீரில் மிதக்க விடுவதென்றால் வால் பக்கம் கோப்பது நல்லது.

முள் 3/0 அல்லது 4/0, முடிந்தால் வட்ட முள். வட்ட முள் பெரும்பாலும் வாயோரத்திலேயே மாட்டும், வயிற்றுக்குள் போகாது. ஆனால் அதை வெட்டி இழுக்கக் கூடாது. நரம்பு இறுகும் வரை பொறுத்து, ரீலைச் சுற்றினால் போதும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல அறுக்கும், ஆளி ஓடும் அறுக்கும். அதனால் முள்ளுக்கு மேலே இரண்டு முழத்துக்கு நாற்பது பவுண்டு தடித்த நரம்பு கட்டாயம். ரீலில் இருபது பவுண்டு நரம்பு, ஏழு அடி ராடு. இதற்கு மேல் செலவழிக்க வேண்டியதில்லை.

கொடுவா ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் மீன். அதனால் பெருத்த கொடுவா பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும், மிகுதியாக முட்டை வைத்திருப்பதும் அதுதான். படத்துக்காக அதைச் செவுளில் தொங்கவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துத் தாங்கி, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றி விடுங்கள். சமையலுக்கு நடுத்தர அளவே ருசி.

இறால் வலை போடும் இடங்களுக்கு இங்கே பாடு என்ற ஏற்பாடு உண்டு. முறை வைத்து, இன்றைக்கு இன்னாருக்கு என்று குப்பத்தார் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் ஊன்றிய கழிகளுக்குப் பக்கத்தில் தூண்டில் வீசாதீர்கள். ஒருவருடைய முறை போனால் மறுமுறை வர நாளாகும். ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம். எங்கே அனுமதி உண்டு என்று கேட்டுக்கொண்டு போங்கள். அறுந்த நரம்பைத் தண்ணீரில் விட்டால் பூநாரையின் காலில் சுற்றும்.

கேட்காமலே மாட்டுவது கெளுத்தி. நாற்றமடிக்கும் எந்த இரைக்கும் வரும். கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டைகளை வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். குஞ்சு பொரித்து வெளியேறும் வரை அது இரை எடுக்காது. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள், ரம்பம் போன்ற விளிம்பு, நஞ்சும் உண்டு. கையால் பிடிக்காமல் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். குத்திவிட்டால் தோல் தாங்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வையுங்கள், வலி தணியும். மீனின் முள் உடைந்து உள்ளே தங்கியிருக்கக்கூடும் என்பதால், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.