சூரியனைக் காண ஒரு சிறு தொலைநோக்கி
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

நமது சங்கத்துக்கு ஒரு சிறு தொலைநோக்கி வாங்குவதென்று செயற்குழு தீர்மானித்தது. பகலிலே சூரியனை அவதானிப்பதற்கு ஏற்றது எது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு எம்மிடம் விடப்பட்டது. அந்த ஆராய்ச்சியின் முடிபை ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடலாம்: சூரிய ஒளியைக் குழலின் வாயிலிலேயே குறைத்துவிட வேண்டும், கண்ணருகே வந்தபின் தடுக்க முயல்வது ஆபத்து. இனி நாம் சொல்வன யாவும் இதன் விளக்கமே.

2019 டிசம்பர் 26ஆம் நாள் காலை யாழ்ப்பாணத்திலே கங்கண சூரிய கிரகணம் தோன்றியது. அப்போது நாம் பாடசாலை மாணவர். எம்முடன் படித்த நண்பர் ஒருவர் பழைய எக்ஸ்றே படலத்தைக் கண்ணிலே பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பார்க்கும்போது நோவு இல்லை, கூச்சமும் இல்லை. மாலையில் புத்தகத்தை விரித்தபோதுதான், நோக்கும் எழுத்தின் நடுவே ஒரு மங்கற் புள்ளி நிற்பதை உணர்ந்தார். அப்புள்ளி இன்றுவரை முற்றாக அகலவில்லை. விழித்திரைக்கு நோவை உணரும் நரம்பு கிடையாது. ஆதலால், வெந்துபோனாலும் அது நமக்கு அறிவிப்பதில்லை.

வெறுங்கண்ணுக்கே இக்கதி என்றால் தொலைநோக்கியின் நிலை என்ன? பகலில் நம் கண்மணியின் துவாரம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் அகலம். 60 மில்லிமீற்றர் வில்லை அதனிலும் 20 மடங்கு அகலமுடையது. எனவே 400 மடங்கு ஒளியை அள்ளிக் கண்ணுக்குள் ஊற்றக்கூடியது. இமைக்கும் நேரமே கண்ணைக் கெடுக்கப் போதும்.

கிரகண காலத்தில் "வெளியே போகாதே, மேலே பாராதே" என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வதை இளைஞர் சிலர் நகைப்பதுண்டு. அவ்வெச்சரிக்கையிலே கண்ணைக் காக்கும் உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. ஆயினும், மஞ்சள் கரைத்த தண்ணீரிலே சூரியனின் நிழலைப் பார்க்கும் வழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும். உச்சிச் சூரியனின் ஒளியில் நூற்றில் இரண்டு பங்கைத் தண்ணீர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குப் பொருந்துவதோ ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. புகை பிடித்த கண்ணாடி, எக்ஸ்றே படலம், இசைத்தட்டு, கறுப்புக் கண்ணாடி என்பனவும் உதவா. கட்புலனாகும் ஒளி மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர்கள் அவற்றினூடே புகுந்துவிடும். கிரகணத்துக்கென விற்கப்படும் காகிதக் கண்ணாடியும் வெறுங்கண்ணுக்கே உரியது. அதை அணிந்துகொண்டு தொலைநோக்கியிற் பார்த்தால் குவிந்த ஒளி அதையும் எரித்துவிடும்.

இனித் தொலைநோக்கிக்கு வருவோம். மலிவான தொலைநோக்கிகள் சிலவற்றோடு, பார்வைத்துண்டிலே திருகும் சிறு கருங்கண்ணாடி ஒன்றையும் சூரியனைப் பார்ப்பதற்கென்று சேர்த்து விற்கிறார்கள். அது, வில்லை திரட்டிய வெப்பம் முழுவதும் குவியும் இடத்துக்கருகே அமைவது. சூடேறித் திடீரென வெடித்தால் அவ்வளவு ஒளியும் அக்கணமே கண்ணிற் பாயும். நம் கைக்கு வரும் பெட்டியில் அது இருந்தால் முதல் வேலையாக அதை உடைத்தெறிய வேண்டும்.

நமக்கு ஏற்றது 60 முதல் 80 மில்லிமீற்றர் வரை விட்டமும், 700 முதல் 900 மில்லிமீற்றர் வரை குவியத் தூரமும் உடைய வில்லைத் தொலைநோக்கி. பகலிலே வெயிலால் காற்று கொதித்து அலைவதால் இதனிலும் பெரிய கருவியால் அதிக பயன் இராது. 50 மடங்கு உருப்பெருக்கம் போதும். குழலுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை உறுதியான முக்காலிக்கு ஒதுக்குவது நன்று. ஆடும் காலிலே எந்த வில்லையும் பயன் தராது.

பார்ப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உலோகப் பூச்சுள்ள சூரிய வடிகட்டியைக் குழலின் வாய் முழுவதும் மூடுமாறு பொருத்துவது. அது சூரிய அவதானிப்புக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பரிசுப் பொருள் சுற்றும் மினுக்குத் தாள் ஆகாது. ஒவ்வொரு முறையும் விளக்கொளியிலே பிடித்து, ஊசித் துவாரம் உண்டா எனச் சோதிக்க வேண்டும். சோளகக் காற்று அடிக்கும் காலத்தில் வடிகட்டி கழன்று பறக்காதவாறு ஒட்டுநாடாவால் இறுக்க வேண்டும். குழலோடு இணைந்த சிறு வழிகாட்டிக் குழலையும் மூடி வைக்க மறத்தல் கூடாது.

இரண்டாவது வழி, பார்வைத்துண்டின் பின்னே வெள்ளை அட்டை ஒன்றைப் பிடித்துச் சூரியனின் விம்பத்தை அதில் விழுத்துவது. ஒருவரும் குழலிற் கண் வைக்காமல், பத்துப் பேர் ஒன்றாகக் காணலாம். ஆனால் குழந்தைகள் எட்டிப் பார்க்காதபடி ஒருவர் எப்போதும் அருகே நிற்க வேண்டும். பிளாஸ்ரிக் பார்வைத்துண்டு இதற்கு உதவாது, அது உருகிவிடும்.

சிறு கருவியால் என்ன பயன் என்று கேட்கலாம். ஜெர்மனியிலே ஷ்வாபே என்ற மருந்து வணிகர் 1826 முதல் சிறு தொலைநோக்கியால் நாள்தோறும் சூரிய களங்கங்களை எண்ணிக் குறித்தார். 17 ஆண்டுப் பொறுமையின் பயனாக, களங்கங்கள் முறையாகப் பெருகிக் குறைகின்றன என 1843இல் உலகுக்கு அறிவித்தார். அம்முறை ஏறத்தாழ 11 ஆண்டு என்பது இன்று யாவரும் அறிந்தது.

நம் மண்ணுக்கும் இத்துறை புதிதன்று. 1871 டிசம்பர் 12ஆம் நாள் பூரண சூரிய கிரகணத்தை அவதானிக்க ஆங்கிலேய வானியலாளர் குழுவொன்று யாழ்ப்பாணம் வந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியிலே படிப்பித்த ஹொய்சிங்ரன் பாதிரியார் இந்து வானசாஸ்திரத்தை விளக்கும் நூலொன்றை 1848இல் வெளியிட்டார். மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு, நம் பஞ்சாங்கக் கணிதத்தின் அருமையை முதலில் உணர்த்தியது அச்செய்திதான். கிரகணத்தின் நேரத்தைப் பஞ்சாங்கம் சொல்லும். கண்ணைக் காப்பது நம் கடமை.

2010 ஜனவரி 15ஆம் நாளும் கங்கண கிரகணம் நம் குடாநாட்டைக் கடந்தது. 2031 மே 21ஆம் நாள் மற்றொன்று தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடமுனையை அண்டி வரவிருக்கிறது. அன்று நமது சிறுவர் எவரும் எக்ஸ்றே படலத்தைத் தேடி ஓடக் கூடாது.

ஆதலால் எமது வேண்டுகோள் இது. வடிகட்டியை முதலில் வாங்குவோம். அதற்குப் பொருந்தும் குழலைப் பின்னர் வாங்குவோம். வெயில் ஏறுமுன், காலை எட்டு மணியளவில், சீமெந்துத் தரையை விட்டுப் புற்றரையிலே அதை நிறுத்துவோம். வாசிகசாலையிலே ஒரு கொப்பி வைத்து, அன்றன்று கண்ட களங்கங்களை ஒரு வட்டத்துள் வரைவோம். தைப்பொங்கலன்று நாம் கைகூப்பி வணங்கும் சூரியனைக் கண் கெடாமல் கண்டறிவதும் ஒருவகை வழிபாடே எனக் கூறி, இவ்வுரையை நிறைவு செய்கின்றோம்.