மருந்து உண்டு, வாசல் திறந்திருக்கிறதா?

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் நமது சாப்ளின் ஐயா அவர்கள் ஆற்றிய உரை)



உங்கள் ஜெபங்களுக்காகவும் காணிக்கைகளுக்காகவும் மருத்துவமனைக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லுகிறேன். இன்று எச்.ஐ.வி. பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். சபைகளில் தாழ்ந்த குரலிலேயே பேசப்படுகிற காரியம் இது. நான் சற்று சத்தமாகவே பேசப் போகிறேன்.

1986-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரிடம் பயின்ற டாக்டர் நிர்மலா அவர்களும் இக்கிருமி இந்தியாவில் இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தார்கள். அந்த இரத்த மாதிரிகள் பரிசோதிக்கப்பட்ட இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆகவே, ஆரம்ப நாளிலிருந்தே மிஷன் மருத்துவமனைகளுக்கு இதில் பங்கு உண்டு.

அன்று கண்டறிய முடிந்தது. சிகிச்சை தர முடியவில்லை. 1996-க்குப் பின் கூட்டு மருந்துகள் வந்தபோதும் விலை நம் ஜனங்களுக்கு எட்டவில்லை. 2004 ஏப்ரல் முதல் அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கின. தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று.

இன்று பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். அது கிருமியை முற்றிலும் அழிப்பதில்லை, அடக்கி வைக்கிறது. ஆகையால் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்திருந்தால், உடலுறவின் மூலம் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை. சிகிச்சை பெறாத தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தக்க சிகிச்சை பெற்றால் அது 5 சதவீதத்திற்கும் கீழே இறங்கிவிடுகிறது.

அப்படியானால் ஏன் இன்னமும் சிலர் காசநோய் முற்றி, எலும்பும் தோலுமாக நம்மிடம் வந்து சேருகிறார்கள்? பயம், அன்பர்களே. மனிதருடைய கண்களுக்குப் பயம். சொந்த ஊர் மையத்தில் தெரிந்த முகம் எதிர்ப்படுமோ என்று, இரண்டு பஸ் மாறி அடுத்த மாவட்டத்திற்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுகிறவர்கள் உண்டு. உறவினர் கலியாணத்திற்குப் போய் மூன்று நாள் தங்கினால், பத்துப் பேர் படுத்திருக்கும் அறையில் மாத்திரையை எடுக்கத் துணியாமல் மூன்று நாளும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடிக்கடி இப்படி விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகிறது.

பிறவிக் குருடனைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டார்கள். நாமும் கேட்கிறோம். கணவனால் தொற்று பெற்ற மனைவிக்கும், பிறக்கும்போதே பெற்ற பிள்ளைக்கும், "ஒன்றும் அறியாதவர்கள்" என்று இரங்குகிறோம். அந்த இரக்கத்திற்குள்ளேயே மற்றவர்கள்மேல் எறியும் கல் மறைந்திருக்கிறது. குஷ்டரோகியைத் தொட்ட நம் ஆண்டவர் முதலில் விசாரணை நடத்தவில்லை.

சபையாரிடம் மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, திருவிருந்தின் பாத்திரத்தில் சேர்ந்து பருகுவதாலோ, ஒரே பந்தியில் சாப்பிடுவதாலோ, கைகுலுக்குவதாலோ எச்.ஐ.வி. பரவாது. இதைப் போதகர்கள் பீடத்திலிருந்தே சொல்லட்டும்.

இரண்டாவது, பரிசோதனையை அவமானமாக்காதீர்கள். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம். முடிவு இரகசியமாகக் காக்கப்படும். 1097 என்ற எண்ணில் ஆலோசனையும் கேட்கலாம். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒருவருடைய சம்மதமின்றி இப்பரிசோதனை செய்யக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையோ, பள்ளியோ, வாடகை வீடோ மறுக்கவும் கூடாது. மூப்பர்களும் போதகர்களும் முதலில் போய்ப் பரிசோதித்துக்கொண்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும்.

மூன்றாவது, சில சபைகள் அன்போடு கேட்கிறீர்கள்: "ஐயா, சாட்சி சொல்ல ஒருவரை அனுப்புங்கள், மடலில் புகைப்படம் போடுங்கள்." அனுப்ப மாட்டோம், போடவும் மாட்டோம். மருந்தை அரசு தருகிறது. உங்கள் காணிக்கை பஸ் கட்டணமாகவும், சத்துள்ள ஆகாரமாகவும், பொறுமையோடு கேட்கும் ஆலோசகராகவும் அவர்களைச் சென்றடைகிறது. முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதும் ஆராதனையே. தாமாகவே பேச முன்வருகிறவரைத் தடுக்க மாட்டோம். காணிக்கைக்கு ஈடாக ஒருவரையும் பேச வைக்க மாட்டோம்.

உங்கள் வீட்டுக் கலியாணத்திற்கு வரும் விருந்தாளி ஒருவர் இரவில் ஒரு மாத்திரையைக் கையில் எடுக்கலாம். அது என்ன மாத்திரை என்று கேளாமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். எங்கள் டாக்டர்களால் செய்ய முடியாத வைத்தியம் அது.

தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.