எழும்பி நிற்கும்போதும் அளவெடுங்கள்



நூற்றாண்டு விழாவில் களைப்பைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் கிளினிக்கில் எங்கள் பெண்கள் அடிக்கடி சொல்வது அதைத்தான்: "ஒண்டுக்கும் ஏலாமல் கிடக்குது, டொக்டர்." இரத்தம் சோதித்தால் குறையில்லை. கதிரையில் இருத்திப் பிரஷர் பார்த்தால் அதுவும் சரி. பிறகென்ன, வீட்டில் "பஞ்சி பிடிச்சவள்" என்ற பெயர்தான்.

கோவாவில் 2,494 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று 2005இல் வெளியானது. 301 பேருக்கு நாட்பட்ட களைப்பு இருந்தது. இரத்தச்சோகைதான் காரணம் என்று நாங்கள் சட்டென்று சொல்லிவிடுவோம். ஈமோகுளோபின் அளவுக்கும் களைப்புக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. வறுமையும் மனத்துயரும்தான் முன்னுக்கு வந்தன.

இந்தக் களைப்பெல்லாம் 'நாட்பட்ட களைப்பு நோய்' அல்ல. அந்த நோய் ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும், ஓய்வெடுத்தாலும் தீராது. சின்ன வேலை செய்தாலே அடுத்த சில நாட்களுக்குப் படுக்கையில் விழுத்திவிடும். அவர்களில் பலருக்கு நிற்பதே பெரும்பாடு.

நாங்கள் எழும்பி நின்றதும் அரை லீற்றருக்கு மேல் குருதி வயிற்றுக்கும் காலுக்கும் இறங்குகிறது. நரம்புகள் உடனே குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரைவாக்கி, மூளைக்குக் குருதி குறையாமல் பார்த்துக்கொள்ளும். அந்த ஒழுங்கு பிசகினால் தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, மறதி, சோர்வு.

1995இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பீற்றர் றோவும் கூட்டாளிகளும் நோயாளர் 23 பேரைச் சாய்மேசையில் நிமிர்த்திப் பார்த்தார்கள். 22 பேரில் பிசகு தெரிந்தது. நோயில்லாத 14 பேரில் 4 பேருக்குத்தான். குருதியமுக்கத்தைத் திருத்தினால் நோய் போய்விடும் என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. 2001இல் அதே குழு 100 பேரில் புளூட்ரோகோர்ட்டிசோன் மருந்தைச் சோதித்தது. குணம் கண்டவர்கள் மருந்து எடுத்தோரில் 14 சதவீதம், வெற்றுக் குளிசை எடுத்தோரில் 10 சதவீதம். பெரிய வித்தியாசமில்லை. ஆகவே அமுக்கம் மட்டும் நோயின் வேர் என்று சொல்ல முடியாது. ஆனாலும் 2015இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வகுத்த நோயறியும் குறிகளில், நிமிர்ந்து நிற்கும்போது கூடும் உபாதைக்கும் இடம் கிடைத்தது. எனக்கு இதுதான் முக்கியம்: அவள் சொன்னது பொய்யில்லை.

இதைச் சோதிக்கச் சாய்மேசை கட்டாயமில்லை. ஐந்து நிமிடம் படுக்கவிட்டு அளவெடுங்கள். பிறகு எழுப்பி நிற்கவைத்து, பத்து நிமிடம்வரை இடையிடையே பிரஷரையும் நாடியையும் பாருங்கள். விழுந்தால் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தாலும், அமுக்கம் குறையாமலே நாடி 30 கூடினாலும், பதின்வயதுப் பிள்ளைகளில் 40 கூடினாலும், வைத்தியரிடம் அந்தக் கணக்கைக் கொண்டுபோங்கள்.

தண்ணீரும் உப்பும் கூட்டச் சொல்வது இதற்கு வழக்கமான வைத்தியம். ஆனால் எங்கள் வீடுகளில் பிரஷர் குளிசை எடுக்கிற ஒருவராவது இருப்பார். கறிச்சட்டியில் உப்பைக் கூட்டிவிடாதீர்கள்! வைத்தியர் சொன்னால், சொன்னவருக்கு மட்டும் தனியாக.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காலைப் பிரார்த்தனையில் அடிக்கடி மயங்கும் பிள்ளையைக் கதிரையில் இருக்க விடுங்கள். பெற்றோரிடமும் சொல்லி அனுப்புங்கள்.