திருநாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம்

(ஆலயத் திருவிழாப் பணிக்குழுக்களின் ஆயத்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திருவிழாக் கூட்டத்தில் கணினிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2019-ஆம் ஆண்டுத் தைப்பூசத்தின்போது நம் ஆலயத்தில் நேரவிருந்த ஒரு குறையை நினைவுபடுத்தினால் அக்கேள்வி எழாது. அக்குறைக்கு முழுப் பொறுப்பும் அன்று செயலாளராக இருந்த அடியேனையே சாரும்.

2018-இல் தைப்பூசம் ஜனவரி 31-ஆம் நாள் வந்தது. அவ்வாண்டின் பணிப் பட்டியலை நானே கணினியில் தட்டெழுதி வைத்திருந்தேன். 2019-இல் பூசம் ஜனவரி 21. பழைய பட்டியலைப் பிரதி எடுத்து, வரி வரியாக ஒவ்வொரு தேதியையும் பத்து நாள் முன்னதாக மாற்றினேன். ஒரு வரி மட்டும் கண்ணில் படாமல் தப்பிவிட்டது. அபிஷேகப் பாலுக்குக் கடைக்காரரிடம் உறுதி சொல்ல வேண்டிய நாள் 'ஜனவரி 26' என்றே நின்றுவிட்டது. திருநாள் முடிந்து ஐந்து நாள் கழித்துப் பாலுக்குச் சொல்லும் பட்டியல்! பொறுப்பேற்றிருந்த இளைஞர் என் பட்டியலை நம்பிக் காத்திருந்தார். பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் விஷயம் வெளிப்பட்டது. அன்றிரவும் மறுநாளும் பக்கத்து ஊர்களில் எல்லாம் கடை கடையாக ஏறி இறங்கிப் பால் சேர்த்தோம். முருகப் பெருமான் திருவருளால் அபிஷேகம் குறைவின்றி நடந்தேறியது. ஆயினும் அந்த இளைஞர் அடுத்த ஆண்டு பணிக்கு வரவில்லை. அது இன்றளவும் என் மனத்தை உறுத்துகிறது.

எனக்கு முன் நெடுங்காலம் செயலாளராக இருந்த பெரியவரைப் பலரும் அறிவீர்கள். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். உடல்நலம் குன்றியபோது தம் நீண்ட கணக்குப் புத்தகத்தை என்னிடம் ஒப்படைத்தார். கணினி இருக்கும்போது இது எதற்கு என்று அதனை அலமாரியில் வைத்துப் பூட்டியவன் நான். பால் விவகாரத்துக்குப் பிறகுதான் எடுத்துப் பிரித்தேன். அதில் எந்தப் பணிக்கும் தேதியே இல்லை! 'பாலுக்குச் சொல்வது, பூசத்துக்கு 5 நாள் முன்', 'கூடாரம், 14 நாள் முன்' என்றுதான் பக்கம் முழுவதும் இருந்தது. ஆண்டுதோறும் மாறும் தேதியை அவர் எழுதவில்லை. மாறாத இடைவெளியை எழுதி வைத்திருந்தார்.

பணித்திட்ட மென்பொருள்கள் இன்று செய்வதும் இதனையே. மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட் என்னும் மென்பொருளில், முடிவு நாளைக் கொடுத்து அதிலிருந்து பின்னோக்கித் திட்டமிடச் சொல்ல வழியுண்டு. நமக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை. எக்செல் விரிதாளில் ஒரே ஒரு கட்டத்தில் பூச நாளை எழுதுகிறோம். ஒவ்வொரு பணிக்கும் எதிரே இடைவெளியை எழுதுகிறோம். அடுத்த கட்டம் பூச நாளிலிருந்து அவ்விடைவெளியைக் கழித்துக் காட்டும். கூடாரம் வந்த பின்தான் மின்விளக்கு என்றால், விளக்கின் தேதியைக் கூடாரத்தின் தேதியோடு கோத்துவிடலாம். முன்னது நகர்ந்தால் பின்னதும் நகரும். மறு ஆண்டு திருத்த வேண்டியது அந்த ஒற்றைக் கட்டத்தை மட்டுமே.

கணினியால் இவ்வாறு கழிக்க முடிவது எதனால் என்று ஒரு தாயார் கேட்டார். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை. 1900 ஜனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு நாள்களை எண்ணிக்கொண்டே வருகிறது. 2019-ஆம் ஆண்டின் பூச நாள் அதற்கு 43,486. இது நமக்குப் புதிதன்று. கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணிக் கணிப்பது நம் பஞ்சாங்கக் கணிதர்களின் மரபுதானே! ஆனால் பூசம் என்று வருகிறது என்பதைக் கணினியிடம் கேட்க வேண்டாம். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கங்களும் சில வேளைகளில் வேறுபடுவதுண்டு. குருக்களைக் கலந்து நிர்வாகம் முடிவு செய்யும் நாளே அந்தக் கட்டத்தில் ஏற வேண்டும்.

எண்ணும் முறையிலும் ஒரு கண்ணி உண்டு. நம் ஆலயத்தில் கொடியேற்றத்தை முதல் நாளாகக் கொண்டு பத்தாம் நாள் பூசம். கணினியிடம் பத்தைக் கழிக்கச் சொன்னால் கொடி ஒரு நாள் முன்னதாக ஏறிவிடும். ஒன்பதைத்தான் கழிக்க வேண்டும். கும்பாபிஷேகத்துக்குப் பின் 48 நாள் மண்டலம் என்றால், முதல் நாள் பூஜையின் தேதியோடு 47-ஐக் கூட்ட வேண்டும்.

அடுத்தது விடுமுறை. 2020-இல் பூசம் பிப்ரவரி 8. புதிய விரிதாளுக்கு அதுவே முதல் ஆண்டு. கூடாரத்துக்கு 14 நாளைக் கழித்தால் ஜனவரி 25, அதாவது சீனப் பெருநாளின் முதல் நாள். இதற்கும் எக்செலில் வழியுண்டு. பொது விடுமுறைகளைத் தனியே எழுதி, கிடைத்த தேதியோடு ஒரு நாளைக் கூட்டி, 'ஒர்க்டே' என்னும் சூத்திரத்தால் ஒரு வேலைநாள் பின்னோக்கி வரச் சொன்னால், விடுமுறையில் விழும் பணி அதற்கு முந்திய வேலைநாளுக்கு வந்துவிடும். (அச்சூத்திரம் சனி, ஞாயிறையே வார விடுமுறையாகக் கொள்ளும். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் விடுமுறை ஆதலால், அங்குள்ள ஆலயத்தார் 'ஒர்க்டே இண்டர்நேஷனல்' என்பதைப் பயன்படுத்த வேண்டும். 2014 முதல் 2024 வரை ஜோகூருக்கும் இது பொருந்தியது.)

அவ்வாறு செய்தேன். கணினி ஜனவரி 24, வெள்ளிக்கிழமை என்றது. அரசாங்கக் கணக்கில் அது வேலைநாள். ஆனால் பெருநாளுக்கு முதல் நாள் கூடாரக் கடையில் யார் இருப்பார்? ஐயத்துடன் பெரியவரின் புத்தகத்தை மீண்டும் புரட்டினேன். கூடார வரியின் ஓரத்தில் பென்சிலால், 'சீனப் பெருநாள் குறுக்கிட்டால் 25 நாள். வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்' என்று எழுதியிருந்தார். பொங்கலுக்கு முதல் நாளான ஜனவரி 14 அன்றே சொல்லிவிட்டோம். கூடாரம் குறித்த நாளில் வந்து சேர்ந்தது.

2025-இல் பூசம் பிப்ரவரி 11. சீனப் பெருநாள் ஜனவரி 29. அதே சிக்கல், அதே 25 நாள். 2028-இல் சீனப் பெருநாள் ஜனவரி 26-இல் வருவதால், அவ்வாண்டும் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே நம் விரிதாளில் இடைவெளிக்குப் பக்கத்தில் 'காரணம்' என்று ஒரு பத்தியைச் சேர்த்திருக்கிறேன். பெரியவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் எழுதியவற்றை எல்லாம் அப்படியே ஏற்றிவிட்டேன்; எழுதாதவற்றை இனி அவரிடம் கேட்க இயலாது. அன்னதானப் பிரிவில் வாழையிலைக்கு ஏன் 9 நாள், இரத ஊர்வலப் பாதைக்கு ஏன் இருமுறை நினைவூட்டல் என்பதெல்லாம் அந்தந்தப் பிரிவில் மூத்தவர்களுக்கே தெரியும். படிவங்களை நாற்காலிகளின்மீது வைத்திருக்கிறோம். தேதி எழுத வேண்டாம். எத்தனை நாள், ஏன் என்பதை மட்டும் எழுதி, இரவு உணவுக்குச் செல்லும் முன் என்னிடம் கொடுத்துவிடுங்கள். எழுத இயலாத பெரியவர்கள் வாயால் சொன்னால் போதும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.