காரில் ஏறிய அடுப்பு

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் ஐந்து கிலோமீட்டர் வழியில், சாரல் முகத்தில் பட வேண்டுமென்றே காரின் கண்ணாடியை இறக்கிவிடுவோம். பனி பெய்யும் தேசங்களிலோ நிலைமை வேறு. அங்கே காருக்குள் கணப்பு இன்றியமையாதது. அதனை அமைக்க முயன்றவர்கள் எதிர்கொண்ட ஒரு விஷவாயுவே இன்று நாம் பேசும் பொருள்.

மோட்டார் பிறந்த காலத்தில் கார்களுக்குக் கூரையே இல்லை. பயணிகள் கம்பளியைப் போர்த்து, கரிக்கங்கு நிறைந்த சிறு பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டனர். பின்னர் மூடிய கார்கள் வந்தன. எஞ்சினில் எரியும் பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி வண்டியை ஓட்டப் பயன்படாமல் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வீண் வெப்பத்தை ஏன் பயன்படுத்தலாகாது என்று எண்ணிய பொறியாளர், சூடான புகைக்குழாயைச் சுற்றிவந்த காற்றை உள்ளே செலுத்தினர். கணப்பு கிடைத்தது; ஆனால் குழாயில் சிறு வெடிப்பு கண்டாலும் புகை உள்ளே புகுந்துவிடும். அப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலுவுடன் பற்றிக்கொள்ளும். ஆகவே, எஞ்சினைக் குளிர்விக்கும் வெந்நீரைச் சிறு ரேடியேட்டரில் ஓடவிட்டு, அதன்மீது விசிறியால் காற்றை வீசச் செய்யும் முறை 1930-களில் பரவலாயிற்று. புகைக்கும் மூச்சுக்கும் இடையே தொடர்பு அறுந்தது.

அதே வாயு நம் நாட்டில் பஸ்களை ஓட்டிய கதையும் உண்டு. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. பெட்ரோல் தட்டுப்பாடு கடுமையாயிற்று. அந்த யுத்த காலத்தில் மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலம் செய்து வண்டிகளில் பொருத்தினர். அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர்.

கலத்தின் அடியில் கரி எரிந்து கார்பன் டையாக்ஸைடு உண்டாகும். அது மேலுள்ள செங்கங்குகளின் வழியே செல்லுகையில் கார்பன் மோனாக்ஸைடாக மாறும். அதைக் குளிரவைத்து, சாம்பல் நீக்கி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்கு அனுப்புவர். வாயு பக்குவமாகிவிட்டதா என்று அறிய, வெளிக்குழாயில் தீ வைத்துப் பார்ப்பர். சுடர் நின்று எரிந்தால் வண்டி புறப்படலாம். ஆயினும் அவ்வாயுவில் பாதிக்கு மேல் எரியாத நைட்ரஜனே. அதனால் வேகம் குன்றும். மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதுண்டு என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

ஒரே வாயு காரின் கணப்பிலே நஞ்சாயிற்று. பஸ்ஸின் கலத்திலே எரிபொருளாயிற்று. அதன் இயல்பு மாறவில்லை. அதை அடைத்து வைத்த இடமே மாறிற்று. கரிவாயு பஸ்ஸிலும் இணைப்பு கசிந்தால் ஆபத்துதான்.

இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். குற்றாலத்தில் மழை வலுக்கும் இரவில், நிறுத்திய வேனின் கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உறங்குவோர் இன்றும் உளர். விடுதி அறையின் கதவைச் சாத்திக் கரியடுப்பில் குளிர்காய்வோரும் உளர். தலைவலியும் மயக்கமும் தோன்றுமுன் தூக்கம் அவர்களை அசையாமல் செய்துவிடும். அத்தகையோரைக் கண்டால் தயங்காமல் எழுப்புங்கள். எஞ்சினை நிறுத்தி, கதவைத் திறக்கச் செய்யுங்கள். நீங்கள் கற்ற இரசாயனப் பாடம் ஓர் உயிரைக் காக்குமாயின், அதைவிடப் பெரிய தேர்ச்சி வேறில்லை.