முதலில் மீட்டர், அப்புறம் சால்டரிங் அயர்ன்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எலெக்ட்ரானிக்ஸ் லேபில் எங்க சார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "முதல்ல மீட்டரை எடு. சால்டரிங் அயர்ன் அப்புறம்." அப்போ தலையாட்டினோம். எனக்கு அது புரிந்தது, ஓய்வு பெற்ற பிறகுதான்.

நம்ம பேட்ச் நண்பர் ஒருவர் தன் மகன் சின்ன வயதில் விளையாடிய வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். 1980களின் தொடக்கத்தில் வந்த பெட்டி. போட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகக் குப்பை. மெமரி போச்சு என்று நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். 8 சிப்புகள், ஒவ்வொன்றுக்கும் 16 கால். இரண்டு நாள் உட்கார்ந்து கழற்றி, சாக்கெட் வைத்து, அலைந்து வாங்கிய வேறு சிப்புகளைப் போட்டேன். ஸ்விட்சைப் போட்டு விரலை வைத்தால் சுடுகிறது! கொஞ்ச நேரத்தில் அவையும் போயின.

காரணம் என்ன? அந்த 4116 ரக சிப்புக்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: +12, +5, −5. இந்த −5 தான் காவல்காரன். அது இல்லாமல் 12 மட்டும் வந்தால், உள்ளே மின்சாரம் போகக்கூடாத வழியில் பாயும். சிப் சூடேறிச் சாகும். அந்தப் பெட்டியில் −5 வரவே இல்லை. செத்தவனைப் பார்த்தேன், கொன்றவனைத் தேடவில்லை. தப்பு என்னுடையது.

1982ல் இங்கிலாந்தில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரமிலும் முதல் 16 கே மெமரி இதே 4116 தான். அடாப்டர் தருவது 9 வோல்ட் மட்டுமே. +12, −5 இரண்டையும் உள்ளே ஒரு டிரான்சிஸ்டர், காயில் சர்க்யூட் தயாரிக்கும். அந்த சர்க்யூட் கெட்டால் மெமரி போகும். மெமரி ஷார்ட் ஆனால் அந்த டிரான்சிஸ்டர் எரியும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது அதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அதே வருஷம் அமெரிக்காவில் வந்தது கமடோர் 64. அதன் மெமரிக்கு 5 வோல்ட் மட்டும் போதும். ஆனால் பவர் சப்ளையின் உள்ளே எபாக்சி ஊற்றி அடைத்திருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. வயதாகி ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் இறங்குவதற்குப் பதில் ஏறலாம். பெரும்பாலும் முதல் பலி மெமரி. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பிளக்கைச் செருகும் முன் அளப்பார்கள். 5.25க்கு மேல் காட்டினால் தொடமாட்டார்கள்.

மற்ற எதிரிகளும் உண்டு. அந்தக் கால என்மாஸ் சிப்புகள் சும்மா இருக்கும்போதும் கரண்ட் குடிக்கும், அதனால் சூடு. ஈரம் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து மெல்லிய அலுமினியக் கோடுகளை அரிக்கும். சூடாகிக் குளிர்ந்து, விரிந்து சுருங்கி, சிப் சாக்கெட்டை விட்டு மேலே நகரும். விரலால் அழுத்தினாலே பிழைத்துக்கொள்வதும் உண்டு. எர்த் தொடாமல் கையில் எடுத்தால் ஸ்டாட்டிக் கொல்லும்.

தம்பிகளே, இந்த சிப்புகளில் பலவற்றை இன்று யாரும் தயாரிப்பதில்லை. கமடோர் கம்பெனியே 1994ல் திவாலாகிவிட்டது. நான் அவசரத்தில் எரித்தவை திரும்ப வராது.

நண்பருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "பரவாயில்லைடா, இன்னொரு தடவை பார்" என்றார். இந்த முறை சாக்கெட்டைக் காலியாக வைத்து, மீட்டரோடு உட்கார்ந்தேன். −5 வந்த பிறகே சிப்பைப் போட்டேன். பெட்டி பிழைத்தது.

அதோ, பின் மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து தட்டிப் பாருங்கள். பிளக்கை மட்டும் நான்தான் போடுவேன். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு!